ரெண்டாவது ஆள் எங்க நிப்பாங்க? ஒரு சின்ன கிச்சனின் நூறு வருஷக் கதை

(படிக்க வசதியாக, இந்த எபிசோடின் பேச்சை லேசாகத் தொகுத்திருக்கிறோம்.)

போன ஆடி மாசம் எங்க வீட்டுக்கு ஒரு இன்டீரியர் டிசைனர் வந்திருந்தார். வீடுன்னா பெருசா நினைச்சுக்காதீங்க. சென்னைக்குத் தெற்கே, லோன்ல வாங்கின ஒரு பெட்ரூம் ஃப்ளாட். உள்ளளவு 410 சதுர அடி. அதுல அப்பா, அம்மா, நான். ராத்திரி ஹால்ல நான் பாயை விரிச்சா, தண்ணி குடிக்க எழுந்து போறவங்க என்னைத் தாண்டித்தான் போகணும்.

டிசைனர் லேப்டாப்பைத் திறந்து எங்க கிச்சனோட 3டி படத்தைக் காட்டினார். ஐந்தரை அடிக்கு ஏழடி இருக்கிற அந்தப் பொந்து, படத்துல அவ்வளவு அழகா இருந்துச்சு. எல்லாத்துக்கும் டிராயர், மூலையில சுத்துற தட்டு, மசாலா டப்பாவுக்குத் தனி இழுப்பான். அவர் பெருமையா சொன்னார்: "மேடம், நீங்க ஒரே இடத்துல நின்னு திரும்பினா போதும். அடுப்பு, சிங்க், ஃப்ரிட்ஜ், எல்லாம் கைக்கு எட்டும். நடக்கவே வேண்டாம்."

அம்மா படத்தைக் கொஞ்ச நேரம் பாத்தாங்க. அப்புறம் ஒரே ஒரு கேள்வி கேட்டாங்க. "எல்லாம் சரி தம்பி. ரெண்டாவது ஆள் எங்க நிப்பாங்க?"

டிசைனர் சிரிச்சார். நானும் சிரிச்சேன். ஆனா அந்தக் கேள்வி என்னை விடவே இல்ல. ஒரு ஆள் மட்டும் நிக்கிற மாதிரி ஒரு சமையலறையை முதல்ல யார் யோசிச்சாங்க? எதுக்கு யோசிச்சாங்க? அந்த ஒரு ஆள் யாருன்னு அவங்க நினைச்சாங்க? தேடிப் போனப்போ கதை ஒரு ஊர்லயும் ஒரு பெண்கிட்டயும் போய் நின்னது. ஊர் ஜெர்மனியோட ஃபிராங்க்ஃபர்ட். வருஷம் 1926. அந்தப் பெண்ணோட பேர் மார்கரெட்டே லிஹோட்ஸ்கி.

கட்டிலுக்கு மட்டும் வாடகை

கதையை வியன்னாவில் இருந்து ஆரம்பிக்கணும். மார்கரெட்டே 1897 ஜனவரி 23-ஆம் தேதி அங்கே பிறந்தவர். அவர் வளர்ந்த காலத்து வியன்னா ஒரு பேரரசின் தலைநகரம். இசை, அரண்மனை, காபிக் கடை எல்லாம் அங்கே இருந்தது. அதே ஊரில் ஆயிரக்கணக்கான தொழிலாளர்கள் வீடு இல்லாமல், கட்டிலை மட்டும் வாடகைக்கு எடுத்து வாழ்ந்தார்கள். ஒருவர் இரவு ஷிஃப்ட்டுக்குப் போனதும் அதே கட்டிலில் இன்னொருவர் வந்து படுப்பார். இவர்களுக்கு 'பெட்கேயர்' என்று தனிப் பெயரே உண்டு. கட்டிலுக்குப் போய் வருபவர் என்று வைத்துக்கொள்ளலாம். திருவல்லிக்கேணி மேன்ஷன்ல தங்கினவங்களுக்கு இது ஒண்ணும் புதுசா இருக்காது.

வீடு கிடைத்த குடும்பங்களுக்கும் பெரும்பாலும் ஒரு அறை, ஒரு சமையலறை, அவ்வளவுதான். குளிர் நாடு. விறகும் கரியும் காசு. அதனால் அடுப்பு எரிகிற அறையிலேயே எல்லாம் நடக்கும். சமைப்பது, சாப்பிடுவது, துணி துவைப்பது, குழந்தையைக் குளிப்பாட்டுவது, ராத்திரி அங்கேயே படுப்பது. நீராவியும் புகையும் ஈரத் துணியும் இருமலும் ஒரே அறையில். காசநோய் பரவ இதைவிட நல்ல இடம் வேண்டியதில்லை.

மார்கரெட்டே வசதியான குடும்பம். கட்டடக்கலை படிக்க ஆசைப்பட்டார். பெண்ணுக்கு யார் வீடு கட்டக் கொடுப்பார்கள் என்று எல்லோரும் நினைத்த காலம் அது. தனக்கே அந்த நம்பிக்கை இல்லை என்று பிற்காலத்தில் அவரே சொல்லியிருக்கிறார். ஆனாலும் வியன்னாவின் கலைத்தொழில் பள்ளியில் சேர்ந்தார். 1917-ல் தொழிலாளர் குடியிருப்புக்கான ஒரு போட்டி வந்தது. அவருடைய ஆசிரியர் ஆஸ்கர் ஸ்ட்ர்னாட், கோடு போடுவதற்கு முன்னால் தொழிலாளர்கள் எப்படி வாழ்கிறார்கள் என்று போய்ப் பார்த்துவிட்டு வா என்று அனுப்பினார். போனார், பார்த்தார், வந்து வரைந்தார், பரிசும் வாங்கினார். தன் வாழ்க்கையின் திசை மாறிய இடம் என்று அவர் சொல்வது பரிசை அல்ல, அந்தத் தெருக்களில் பார்த்ததை.

அடுத்த சில வருடங்களில் அந்த நோய் அவர் வீட்டுக்கும் வந்தது. அம்மா 1923-லும் அப்பா 1924-லும் காசநோயில் இறந்தார்கள். மார்கரெட்டேவுக்கும் அதே நோய். பல மாதங்கள் சானடோரியத்தில் படுத்துக் கிடந்து தேறி வந்தார். வெளிச்சம், காற்று, சுத்தம் என்று அந்தக் காலத்து ஆர்க்கிடெக்ட்கள் பேசியதை நாம் இப்ப ஏதோ ஸ்டைல்னு நினைக்கிறோம். அவங்களுக்கு அது உயிர் சமாச்சாரம்.

ஊரே கட்டுமான இடம்

இப்ப ஃபிராங்க்ஃபர்ட் போலாம். முதல் உலகப் போர் முடிந்திருந்தது. 1923-ன் பணவீக்கத்தில் ஜெர்மனியில் பணத்துக்கு மதிப்பே இல்லாமல் போனது. வீடு கட்ட எவரிடமும் காசு இல்லை, ஆனால் நகரங்களுக்கு ஆட்கள் வந்துகொண்டே இருந்தார்கள். அரசு ஒரு வழி கண்டுபிடித்தது. போருக்கு முன்னால் கடன் வாங்கி வீடு கட்டியவர்களின் கடன், பணவீக்கத்தில் காற்றாகிப் போயிருந்தது. வீடு மட்டும் கையில் நின்றது. அந்தத் திடீர் லாபத்தின் மேல் 1924-ல் ஒரு வரி போட்டார்கள். அந்தப் பணத்தில் ஒரு பங்கு புது வீடுகளுக்குப் போனது.

ஃபிராங்க்ஃபர்ட் மேயர் லுட்விக் லாண்ட்மன், 1925-ல் எர்ன்ஸ்ட் மே என்ற ஆர்க்கிடெக்டை அழைத்து நகரத்தின் கட்டுமானப் பொறுப்பு முழுவதையும் கொடுத்தார். அடுத்த ஐந்து வருடங்களில் அங்கே 12,000-க்கும் மேற்பட்ட வீடுகள் எழுந்தன. ப்ராவுன்ஹைம், ரோமர்ஷ்டாட், வெஸ்ட்ஹாவுசன் என்று ஊரைச் சுற்றி புதுக் குடியிருப்புகள். சில இடங்களில் கான்கிரீட் பலகைகளைத் தொழிற்சாலையில் வார்த்து, கிரேனில் தூக்கி வைத்துச் சுவர் எழுப்பினார்கள்.

ஆனால் வாடகை தொழிலாளியின் கைக்கு எட்ட வேண்டுமென்றால் வீடு சின்னதாகத்தான் இருக்க முடியும். எவ்வளவு சின்னதாக? அதுதான் அந்தக் காலத்தின் பெரிய கேள்வி. 1929-ல் ஃபிராங்க்ஃபர்ட்டில் நவீன ஆர்க்கிடெக்ட்களின் ஒரு சர்வதேச மாநாடு கூடியது. அதன் தலைப்பே 'குறைந்தபட்ச வாழ்க்கைக்கான வீடு'. ஒரு மனிதன் மனிதனாக வாழ எவ்வளவு இடம், எவ்வளவு வெளிச்சம், எவ்வளவு காற்று வேண்டும் என்று உட்கார்ந்து விவாதித்தார்கள். நாம இப்ப ஸ்டுடியோ அப்பார்ட்மென்ட், காம்பேக்ட் ஹோம்னு விளம்பரத்துல பாக்கிறோமே, அதோட வேர்ல ஒண்ணு இங்க இருக்கு. ஒரே வித்தியாசம், அவங்க கேட்ட கேள்வி "இதுக்குக் கீழ போகக்கூடாதுன்னா அது எது?" இன்னைக்கு பல பில்டர்கள் கேட்கிறது "எவ்வளவு கீழ போகலாம்?"

சின்ன வீட்டுக்குத் தக்கபடி சாமான்களும் மாறின. பகலில் சுவரோடு மடித்து வைக்கிற ஒரு கட்டில் வந்தது. பெயர் 'ஃபிராங்க்ஃபர்ட் கட்டில்'. பழைய வீட்டின் கனத்த அலமாரிகள் புது வீட்டின் வாசலிலேயே நுழையாது என்பதால், ஃபெர்டினாண்ட் கிராமர், ஃபிரான்ஸ் ஷூஸ்டர் போன்றவர்கள் எளிமையான மர சாமான்களை வரைந்து கொடுத்தார்கள். சமையலறையை மட்டும் மே ஒரு இளம்பெண்ணிடம் கொடுத்தார். 1926-ன் தொடக்கத்தில் அவர் அழைத்து வியன்னாவிலிருந்து வந்திருந்த மார்கரெட்டே லிஹோட்ஸ்கி. அப்போது அவருக்கு 29 வயது.

ரயில் பெட்டியில் இருந்து வந்த யோசனை

இந்த இடத்துல ஒரு விஷயம் சொல்லணும். உலகத்தோட மிகப் பிரபலமான சமையலறையை வடிவமைத்தவர், அதுவரை சமைத்ததே இல்லை. வீட்டில் அம்மா சமைத்தார், வெளியூரில் இருந்தபோது ஹோட்டலில் சாப்பிட்டார். இதை அவரே வயதான காலத்தில் சிரித்துக்கொண்டு சொல்லியிருக்கிறார். பெண் என்பதால் அவருக்குச் சமையலறை தெரிந்திருக்கும் என்று எல்லோரும் நினைத்துக்கொண்டதை அவர் மறுத்துக்கொண்டே இருந்தார். ஒரு ஆர்க்கிடெக்டாகத்தான் அதை அணுகினேன் என்பது அவர் வாதம்.

எப்படி அணுகினார்? முதலில் ஒரு புத்தகம். அமெரிக்காவில் கிறிஸ்டின் ஃபிரெடரிக் என்பவர் 1913-ல் வீட்டுவேலையைத் தொழிற்சாலை வேலை மாதிரி அளந்து ஒரு புத்தகம் எழுதியிருந்தார். பாத்திரம் எங்கே இருக்கிறது, அடுப்பு எங்கே, இரண்டுக்கும் நடுவில் ஒரு நாளைக்கு எத்தனை தடவை நடக்கிறோம் என்று கணக்கு. 1920-களின் தொடக்கத்தில் அது ஜெர்மனில் வந்தது. மார்கரெட்டே அதைப் படித்து, தொழிற்சாலையில் தொழிலாளியின் அசைவை அளப்பதுபோல் சமையலறை அசைவுகளைக் கணக்கிட்டார்.

இரண்டாவது, ரயில். அங்கே ரயிலில் உணவுப் பெட்டி உண்டு. அதன் சமையலறை ஒரு குறுகலான சந்து. அந்தச் சந்துக்குள் நின்று ஒரு பெட்டி நிறைய ஆட்களுக்குச் சாப்பாடு செய்கிறார்கள். ரயிலில் முடியும் என்றால் வீட்டில் ஏன் முடியாது?

அப்படிப் பிறந்ததுதான் 'ஃபிராங்க்ஃபர்ட் கிச்சன்'. 1.87 மீட்டர் அகலம், 3.44 மீட்டர் நீளம். நம்ம கணக்குல ஏறத்தாழ 6 அடிக்கு 11 அடி. கடைசியில் ஒரு ஜன்னல். ஜன்னலுக்குக் கீழே வேலை செய்கிற மேடை, பகல் வெளிச்சம் நேராகக் கையில் விழும்படி. மேடைக்கு முன்னால் சுழலும் ஸ்டூல். காய் நறுக்குவதை உட்கார்ந்து செய்யலாம், எதற்கு மணிக்கணக்கில் நிற்க வேண்டும்? மேடையிலேயே ஒரு திறப்பு, காய்த் தோலைத் தள்ளிவிட்டால் கீழே இருக்கிற இழுப்பானில் விழும், அதை அப்படியே எடுத்துக்கொண்டு போய்க் கொட்டலாம்.

அரிசி, சர்க்கரை, பருப்பு போட்டு வைக்க அலுமினியப் பெட்டிகள். ஒவ்வொன்றின் முகப்பிலும் பெயர் பொறித்திருக்கும், முனையில் மூக்கு இருக்கும், எடுத்து நேராகப் பாத்திரத்தில் கொட்டலாம். மாவுக்கு மட்டும் ஓக் மரப் பெட்டி. ஓக் மரத்தில் இருக்கிற டானின் புழுவை அண்ட விடாது. நறுக்கும் மேடைக்குக் கறையும் கத்திக் கீறலும் தாங்கும் பீச் மரம். சுவரில் மடித்து வைத்து இறக்குகிற இஸ்திரிப் பலகை. கூரையில் ஒரு தண்டவாளம், அதில் இழுத்துக்கொண்டு போகிற விளக்கு. அலமாரிகளுக்கு நீலமும் பச்சையும் கலந்த நிறம், ஈக்கள் நீல நிறத்தில் உட்காராது என்று அப்போது சொன்னதால்.

இன்னொன்று, இதுதான் எனக்கு முக்கியமாகப் பட்டது. சமையலறைக்கும் ஹாலுக்கும் நடுவில் அகலமான ஒரு இழுவைக் கதவு வைத்தார். அடுப்புக்கும் சாப்பாட்டு மேசைக்கும் மூன்று மீட்டருக்கு மேல் போகக்கூடாது என்று கணக்கு வைத்தார். கதவைத் திறந்து வைத்தால் சமைத்துக்கொண்டே ஹாலில் விளையாடும் குழந்தையைப் பார்க்கலாம். தாளிக்கும்போது மூடிக்கொள்ளலாம்.

எல்லாம் ஒட்டுமொத்தமாகச் செய்து, வீடு கட்டும்போதே பொருத்தினார்கள். குடிவருபவர் தனியாக ஒன்றும் வாங்க வேண்டாம், செலவு வாடகையில் கொஞ்சமாக ஏறும். சுமார் 10,000 கிச்சன்கள். வீட்டோடு சேர்த்து, அளவெடுத்துத் தொழிற்சாலையில் செய்த சமையலறை இந்த அளவில் வந்தது இதுதான் முதல் தடவை. இன்னைக்கு நாம 'மாடுலர் கிச்சன்'னு சொல்றதுக்கு ஒரு பாட்டி இருந்தா, அந்தப் பாட்டி இவங்கதான்.

நல்ல எண்ணமும் நாலு சுவரும்

மார்கரெட்டேவின் நோக்கம் அழகு இல்லை. அவர் கண்ணால் பார்த்தது, மில்லில் பத்து மணி நேரம் வேலை பார்த்துவிட்டு வந்து, வீட்டில் இன்னொரு ஷிஃப்ட் நிற்கும் பெண்கள். அந்த இரண்டாவது ஷிஃப்ட்டைக் குறைக்க வேண்டும். மிச்சமாகும் நேரம் அவர்களுடையது. படிக்கட்டும், தூங்கட்டும், கூட்டத்துக்குப் போகட்டும்.

இதைவிடத் துணிச்சலான வழி ஒன்றும் அப்போதே இருந்தது. வீட்டுக்கு வீடு எதற்குச் சமையலறை? முழுக் குடியிருப்புக்கும் ஒரே சமையலறை வைத்துச் சம்பளத்துக்கு ஆள் போட்டுச் சமைத்தால் என்ன? வியன்னாவில் 'ஹைம்ஹோஃப்' என்ற குடியிருப்பை 1920-களில் அப்படியே நடத்தினார்கள். மார்கரெட்டே அதையும் யோசித்துப் பார்த்தார். ஆனால் அவர் கணக்கு வேறு. பொதுச் சமையலறைக்கு மாதா மாதம் பணம் கட்ட வேண்டும். வேலை போன தொழிலாளி எங்கே போவான்? கஷ்ட காலத்தில் கஞ்சியாவது வைத்துக் குடிக்க வீட்டில் ஒரு அடுப்பு வேண்டும். அதனால் சமையலறையை எடுக்காமல், சின்னதாக்கினார்.

ஆனால் குடிவந்தவர்கள் என்ன சொன்னார்கள்? அவர்களுக்கு இது குழப்பமாக இருந்தது. பழைய வீட்டில் சமையலறைதான் வீட்டின் நடுமுற்றம் மாதிரி. எல்லோரும் அங்கேதான் உட்காருவார்கள். புது வீட்டில் அது ஒரு வேலை செய்யும் கூடு. பழைய மேசையையும் நாற்காலியையும் எப்படியாவது உள்ளே நுழைக்கப் பார்த்தார்கள், நுழையவில்லை. கீழே இருந்த அலுமினியப் பெட்டிகள் குழந்தைகளின் கைக்கு எட்டின. சர்க்கரை இருக்கும் பெட்டி குழந்தையின் கைக்கு எட்டினா என்ன ஆகும்னு உங்களுக்கே தெரியும். புது முறையைப் புரியவைக்க ஒரு குறும்படம்கூட எடுத்தார்கள். பழைய சமையலறையில் பெண் நடக்கிற பாதையையும் புதியதில் நடக்கிற பாதையையும் கோடு போட்டுக் காட்டும் படம். கோடு உண்மையிலேயே குறைகிறது. ஆனால் படத்தில் இரண்டு சமையலறையிலும் ஒரு பெண் மட்டும்தான் இருக்கிறார்.

1970-களில் ஜெர்மன் பெண்ணியவாதிகள் இதைத்தான் பிடித்துக்கொண்டார்கள். முன்பு அம்மா சமைக்கும்போது பக்கத்தில் யாராவது இருந்தார்கள், கைக்கு உதவியோ இல்லையோ பேச்சுத்துணையாவது இருந்தது. இப்போது அவளைத் தனியாக ஒரு பெட்டியில் போட்டாயிற்று. இன்னொருவர் உதவ நினைத்தாலும் நிற்க இடமில்லை. வேலையைப் பகிராமல் இருக்க ஆண்களுக்குக் கட்டடமே காரணம் கொடுக்கிறது.

இன்னொரு தகவல் இதோடு சேர்த்துப் பார்க்கணும். ஃபிராங்க்ஃபர்ட் கிச்சனில் வேறு வகைகளும் இருந்தன. வேலைக்காரர் வைத்துக்கொள்ளக்கூடிய வீடுகளுக்குக் கொஞ்சம் பெரிய வடிவம். அதாவது, சம்பளத்துக்கு ஆள் வைத்தால் இரண்டாவது ஆளுக்கு இடம் கிடைத்தது. சம்பளம் கொடுக்க முடியாத வீட்டில் இரண்டாவது ஆள் என்ற ஒருவரே வரைபடத்தில் இல்லை. கணவர் வருவார், மகன் வருவான் என்று யாரும் யோசிக்கவில்லை. இது மார்கரெட்டே ஒருத்தரோட தப்புன்னு நான் சொல்ல மாட்டேன். அந்தக் காலம் அப்படி. ஆனா ஒரு காலத்தோட எண்ணம் மரத்துலயும் செங்கல்லயும் இறங்கிட்டா, காலம் போனாலும் அது போகாது.

இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு ஜெர்மனியில் அவசர அவசரமாக வீடுகள் கட்டினார்கள். சின்னத் தனிச் சமையலறை அங்கே வழக்கமாகவே ஆகிப்போனது. இடத்தை மிச்சம் பிடிக்கும் பாடத்தை எல்லோரும் கற்றுக்கொண்டார்கள். ஸ்டூலையும் ஜன்னலையும் அகலக் கதவையும் பல இடங்களில் மறந்துவிட்டார்கள்.

டோக்கியோவின் பதில்

இதே கேள்விக்கு ஜப்பான் வேறொரு பதில் சொன்னது. நிஷியாமா உஸோ என்ற ஆய்வாளர், 1940-களில் சாதாரண மக்களின் சின்னச் சின்ன வீடுகளை ஆராய்ந்தார். வீடு எவ்வளவு நெருக்கடியாக இருந்தாலும், படுக்கிற இடத்தில் சாப்பிடாமல், சாப்பிட ஒரு மூலையைத் தனியாக ஒதுக்கிக்கொள்ளத்தான் மக்கள் பார்க்கிறார்கள் என்று அவர் கண்டார். போரில் வீடுகள் எரிந்துபோன பிறகு, அரசுக் குடியிருப்புக்கான ஒரு மாதிரி வரைபடம் 1951-ல் வந்தது. பெயர் 51சி. மொத்தம் 35 சதுர மீட்டர், நம்ம கணக்குல 375 சதுர அடி. எங்க வீட்டைவிடச் சின்னது. அதில் சாப்பாட்டுக்குத் தனி அறை கொடுக்க இடமில்லை. அதனால் சமையலறையையே கொஞ்சம் பெரிதாக்கி, அதற்குள் ஒரு மேசை போட்டார்கள்.

1955-ல் ஜப்பான் வீட்டுவசதிக் கழகம் தொடங்கியபோது இந்த அமைப்பு நாடு முழுக்கப் பரவியது. 'டைனிங் கிச்சன்', சுருக்கமாக டிகே. நம்ம ஊர்ல 2பிஎச்கேன்னு சொல்ற மாதிரி அங்க 2டிகே. ஹமாகுச்சி மிஹோ என்ற பெண் ஆர்க்கிடெக்ட் இந்த மாற்றத்துக்காக வாதாடியவர்களில் ஒருவர். ஜப்பானிய வீட்டில் ஒளிந்திருக்கும் நிலவுடைமைக் காலத்து எண்ணங்களை விமர்சித்து அவர் 1949-ல் ஒரு புத்தகமே எழுதினார். வீட்டின் பின்பக்கத்து இருட்டு மூலையில் கிடந்த சமையலறையை வெளிச்சத்துக்குக் கொண்டுவர வேண்டும் என்பது அவர் கட்சி.

ஃபிராங்க்ஃபர்ட் சமையலைச் சாப்பாட்டிலிருந்து பிரித்தது, டோக்கியோ சேர்த்தது. இரண்டும் நெருக்கடியில் பிறந்தவை. எது சரின்னு நான் தீர்ப்பு சொல்லப் போறதில்ல. ஆனா ஒண்ணு மட்டும் கவனிங்க. இடம் ரொம்பக் குறைவா இருந்தாலும் தேர்வு பண்ண வழி இருந்திருக்கு. "இடமில்லை, அதனால இப்படித்தான்" அப்படிங்கிறது எப்பவும் முழு உண்மை இல்ல.

அந்தப் பெண்ணுக்கு என்ன ஆச்சு?

மார்கரெட்டே 1927-ல் உடன் வேலை பார்த்த வில்ஹெல்ம் ஷூட்டேவைத் திருமணம் செய்துகொண்டார். 1930-ல் எர்ன்ஸ்ட் மேயின் குழுவோடு சோவியத் யூனியனுக்குப் புதுத் தொழில் நகரங்கள் கட்டப் போனார். பிறகு துருக்கி. 1940 டிசம்பரில், பாதுகாப்பான இஸ்தான்புல்லை விட்டு, நாஜிகளின் பிடியில் இருந்த வியன்னாவுக்குத் திரும்பினார். தலைமறைவு எதிர்ப்பு இயக்கத்துக்குத் தொடர்பு ஏற்படுத்திக்கொடுக்க. சில வாரங்களிலேயே ஒரு காபிக் கடையில் வைத்து கெஸ்டபோ பிடித்தது. கூட இருந்தவர்கள் பலரைக் கொன்றார்கள். இவருக்கு மரண தண்டனை மயிரிழையில் தப்பி, 15 வருடச் சிறை. 1945 ஏப்ரலில் அமெரிக்கப் படை வந்து திறந்துவிடும் வரை சிறையில் இருந்தார்.

திரும்பி வந்தபோது ஆஸ்திரியா அவரைக் கொண்டாடவில்லை. கம்யூனிஸ்ட் என்பதால் அரசு வேலைகள் அவருக்கு வரவே இல்லை என்று சொல்லும் அளவுக்கு ஒதுக்கினார்கள். குழந்தைகளுக்கான பள்ளிகளையும் காப்பகங்களையும் வரைந்துகொண்டு, கியூபா, கிழக்கு ஜெர்மனி என்று வெளிநாடுகளில் வேலை பார்த்தார். 1988-ல் ஒருவழியாக ஆஸ்திரிய அரசு ஒரு விருது அறிவித்தது. கொடுக்க இருந்தவர் அதிபர் குர்ட் வால்ட்ஹைம். போர்க்காலத்தில் அவர் ஜெர்மன் ராணுவத்தில் இருந்ததும் அதை மறைத்ததும் அப்போது பெரிய சர்ச்சை. அவர் கையால் வாங்க மாட்டேன் என்று மறுத்துவிட்டார். வால்ட்ஹைம் போன பிறகு, 1992-ல்தான் வாங்கிக்கொண்டார். நூறாவது பிறந்தநாளில் வியன்னா மேயரோடு வால்ட்ஸ் நடனம் ஆடினார். 2000 ஜனவரி 18-ஆம் தேதி, 103 வயது நிறைய ஐந்து நாள் இருக்கும்போது இறந்தார்.

இவ்வளவு வாழ்ந்த ஒருவரிடம், கடைசி வரை வந்தவர்கள் எல்லாம் அந்தக் கிச்சனைப் பற்றியே கேட்டார்கள். அதைப் பற்றியே பேசுவீர்கள் என்று தெரிந்திருந்தால் அதைக் கட்டியே இருக்க மாட்டேன் என்று சலித்துக்கொண்டாராம். நானும் இன்னைக்கு அதையேதான் பண்ணியிருக்கேன். மன்னிக்கணும் பாட்டி.

அந்த 10,000 கிச்சன்களில் பெரும்பாலானவை பிற்காலத்தில் புதுப்பிக்கும்போது பிடுங்கிக் குப்பைக்குப் போய்விட்டன. தப்பித்த சில இன்று அருங்காட்சியகங்களில் இருக்கின்றன. நியூயார்க்கின் நவீன கலை அருங்காட்சியகத்தில் ஒன்று இருக்கிறது. ஃபிராங்க்ஃபர்ட்டின் ரோமர்ஷ்டாட்டில் எர்ன்ஸ்ட் மே பெயரில் ஒரு வீட்டையே பழைய மாதிரி மீட்டு வைத்திருக்கிறார்கள்.

எங்க வீட்டு மேடை

இதெல்லாம் படிச்சு முடிச்சப்போ எனக்கு அம்மாவோட பழைய சமையல்கட்டு ஞாபகம் வந்தது. ஊர்ல பாட்டி வீடு. பாட்டி அரிவாள்மனையில உட்கார்ந்து காய் நறுக்குவாங்க. சித்தி அம்மியில. அத்தை சும்மா வாசப்படியில உட்கார்ந்து ஊர்க்கதை சொல்வாங்க. அங்கயும் வேலை பூரா பொம்பளைங்கதான், அதை நான் அழகுபடுத்த விரும்பல. ஆண்கள் திண்ணையில இருந்தாங்க. ஆனா தனியா யாரும் இல்ல. சென்னைக்கு வந்ததும் அடுப்பு மேடைக்கு ஏறுச்சு, அம்மா நின்னு சமைக்க ஆரம்பிச்சாங்க, முகம் சுவரைப் பாத்து, முதுகு எங்களைப் பாத்து. இருபத்தஞ்சு வருஷம். நாங்க ஹால்ல டிவி பாத்தோம்.

"ரெண்டாவது ஆள் எங்க நிப்பாங்க?"ன்னு அவங்க கேட்டது வசதிக்காகக் கேட்ட கேள்வின்னு நான் நினைச்சேன். இப்ப அப்படித் தோணல.

டிசைனர்கிட்ட மறுபடி பேசினோம். நல்ல மனுஷன், பொறுமையா கேட்டார். கிச்சனைப் பெருசாக்க முடியாது, சுவருக்குப் பின்னாடி பக்கத்து வீடு. ஆனா ஹாலுக்கும் கிச்சனுக்கும் நடுவுல இருந்தது தாங்கு சுவர் இல்ல. இன்ஜினியர் வந்து பாத்து சரின்னு சொன்ன பிறகு, அதுல மூணரை அடி அகலத்துக்கு ஒரு திறப்பு வெட்டினோம். திறப்போட ஹால் பக்கத்துல ஒரு மடக்குப் பலகை. வேண்டாம்னா கீழ தொங்கும். தூக்கி விட்டா மேசை. ரெண்டு ஸ்டூல். ஃப்ரிட்ஜை ஹாலுக்கு மாத்தியாச்சு. அந்த மூலையில சுத்துற தட்டு, பளபளன்னு இருந்த மசாலா இழுப்பான், ரெண்டையும் பட்ஜெட்ல இருந்து எடுத்துட்டோம்.

அப்பா ரிட்டயர் ஆகி ரெண்டு வருஷம் ஆச்சு. முதல் ஒரு வாரம் அந்தப் பலகையில பேப்பர் விரிச்சுப் படிச்சார். அடுத்த வாரம் அம்மா அதுமேல ஒரு தட்டு நிறைய சின்ன வெங்காயத்தை வச்சுட்டு ஒண்ணும் சொல்லாம திரும்பிட்டாங்க. அப்பா கொஞ்ச நேரம் வெங்காயத்தைப் பாத்தார். அப்புறம் உரிக்க ஆரம்பிச்சார். ரொம்ப மெதுவாதான் உரிக்கிறார். ஒரு சாம்பாருக்கு அரை மணி நேரம். அம்மா கேலி பண்ணிக்கிட்டே சமைக்கிறாங்க, இந்தப் பக்கம் திரும்பி.

நான் இன்னும் சாதம் வைக்கிற வரைக்கும்தான் வந்திருக்கேன். அதுவும் தண்ணி அளவு ஒவ்வொரு தடவையும் கேட்டுத்தான்.

நீங்க ஒரு சின்ன வீட்டுக்குக் குடிபோகப் போறீங்கன்னா, ஸ்டோரேஜ், கலர், லைட் எல்லாம் பாருங்க. வேண்டியதுதான். கூடவே அந்த வரைபடத்தைக் கையில வச்சுக்கிட்டு அம்மா கேட்ட கேள்வியையும் ஒரு தடவை கேட்டுப் பாருங்க. உங்க வீட்டுக் கிச்சன்ல ரெண்டாவது ஆளுக்கு இடம் இருக்கா, இருந்தா அது யாருன்னு எங்களுக்கு எழுதி அனுப்புங்க. அடுத்த எபிசோட்ல சந்திப்போம்.